நாலு நொடிச் சிரிப்பு

ஈரப் பஞ்சு நெற்றியில் பட்டதும் சில்லென்றது. ஏகாம்பரத்தின் கை மட்டும் மாறவில்லை, ஏழு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான், முதலில் நெற்றி, அப்புறம் மூக்கு, அப்புறம் தாடைக்குக் கீழே தொங்குவதை இரண்டு விரலால் மேலே தள்ளி ஒரு இழுப்பு. அப்போது தள்ளினால் நின்றது, இப்போது விரலை எடுத்ததும் இறங்கி வருகிறது. "இன்னா சார், ஒடம்பு எளச்சுப் போச்சு, கழுத்து மட்டும் ஊதிக்கினு கீது" என்கிறார், என்னைப் பார்த்து இல்லை, கண்ணாடியில் இருக்கிறவனைப் பார்த்து. எந்தக் காலத்திலும் இந்த மேக்கப்காரர் என்னிடம் பேசியதில்லை, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த நையாண்டி நல்லசிவத்திடம்தான் பேசியிருக்கிறார். ஃப்ரேமில் வர வேண்டாம்ணே. நிரஞ்சனா அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் இருக்குமா? கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு, சார் தண்ணி வேணுமா சார் என்று என் பின்னால் ஓடிய பெண், இன்றைக்கு இந்த நிகழ்ச்சிக்கே இயக்குநர். ஓடியவர்கள் உட்காரட்டும், நான் யாரையும் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இல்லை, பொறாமைப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். ஆனால் அந்தச் சொல், ஃப்ரேமில் வர வேண்டாம்ணே, அது முள் மாதிரி ஏறிக்கொண்டுவிட்டது. போனில் என்ன சொன்னாள்? உங்க நிகழ்ச்சிக்கே உங்களைத் திரும்பக் கூப்பிடறோம்ணே என்றாள். என்னவாக என்று நான் கேட்கவில்லை. ஒரு துண்டு வாங்கினாலும் இரண்டு பக்கமும் நூலை இழுத்துப் பார்க்காமல் வாங்காதவன், கேட்கவில்லை. நடுவர் நாற்காலிதான் என்று நானே நினைத்துக்கொண்டேன், தெருவில் நாலு பேரிடம் சொன்னேன், சலவைக்கடைக்காரர் கோட்டைத் தேய்த்துவிட்டு டிவியில பாக்கறோம்ணா என்று கும்பிட்டார். கோட்டு இப்போது தோளில் தொளதொளக்கிறது. "ரெக்கார்டிங் மூணு மணிக்குண்ணே, அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஆடியன்ஸை மட்டும் நீங்க சிரிக்க வைக்கணும், நாலு கேமராவும் அவங்க பக்கம் இருக்கும். அந்தச் சிரிப்பையெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டா சீசன் முழுக்க பசங்க காமெடிக்கு ஒட்டிக்கலாம்" என்று இங்கே வந்த பிறகுதான் நிரஞ்சனா சொன்னாள். ஒட்டிக்கலாமாம். நான் சிரிக்க வைப்பேன், அது யாரோ மீசை முளைக்காதவன் சொன்ன மொக்கைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எனக்கு எதுக்கும்மா மேக்கப் என்று கேட்டேன். "ஜனங்களுக்கு நீங்க ஸ்டாரா தெரியணும்லண்ணே" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் கேலியே இல்லை, அதுதான் தாங்கவில்லை. மேக்கப் முடிவதற்குள் முடிவு சொல்லுங்கண்ணே, இல்லைன்னா வேற ஆளைப் பார்க்கணும் என்று போனாள்.

எழுந்து போய்விடலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், போகத் தெரியாதவனா நான், எத்தனை இடத்தில் எழுந்து வந்திருக்கிறேன். விலை படியாவிட்டால் வண்டியைக் கிளப்பு, திரும்பிப் பார்க்காதே, பத்தடி போனால் அவனே கூப்பிடுவான், இதுதான் நான் படித்த ஒரே படிப்பு. கரூரில் தறிக்காரரிடம் போர்வை எடுத்து, வேனில் ஏற்றி, தேர்த்திருவிழா நடக்கிற ஊராகப் பார்த்து நிறுத்தி, கூரைமேல் ஏறி நின்று மைக்கில் கத்துவேன். அய்யா வாங்க, அம்மா வாங்க, இந்தப் போர்வையைப் போத்திக்கிட்டா மாமியா பேசறது காதுலயே விழாது. அதற்கு ஒருத்தர் சிரித்துவிட்டால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் சிரிப்பார்கள், சிரித்த கை தானாகப் போர்வையைத் தொட்டுப் பார்க்கும். அந்த முதல் சிரிப்பு தானாக வராது. ஜனங்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள், யார் முதலில் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், அந்த நிற்கிற நேரம் இருக்கிறதே, தொண்டையில் எச்சில் வற்றிப்போகும். அதற்காகத்தான் பாவாயி. கூட்டத்துக்குள் யாரோ ஒரு பொம்பளை மாதிரி, கையில் கூடையோடு, எனக்கும் இந்த வேனுக்கும் சம்பந்தமே இல்லாத முகத்தோடு நிற்பாள். நான் சொல்லி முடித்ததும் சிரிப்பாள். முதலில் உதட்டை மடித்து அடக்கப் பார்ப்பாள், முடியாமல் தோள் குலுங்கும், அப்புறம் உடைத்துக்கொண்டு வரும், பக்கத்தில் நிற்கிறவர் மேலே சாய்ந்துவிடுவாள். ஒரே நகைச்சுவைக்கு ஒரே நாளில் நாலு ஊரில் அப்படிச் சிரிப்பாள். நடிக்கிறாளா நிஜமா என்று கட்டிக்கொண்ட எனக்கே தெரியாது. ஒருமுறை காங்கேயத்துக்குப் பக்கம் கேட்டேன். "உங்களுக்குப் போர்வை விக்கோணும், அவ்வளவுதானுங்களே, எப்படிச் சிரிச்சா உங்களுக்கென்னங்" என்றாள். அப்படித்தான் பதில் சொல்வாள், கொடுக்கிற மாதிரி இருக்கும், கையில் ஒன்றும் இருக்காது.

"கண்ண மூடு சார்." மூடினேன். இமைக்கு மேல் பஞ்சு ஓடுகிறது. மூடினால் அந்த முதல் ரெக்கார்டிங் வருகிறது, பன்னிரண்டு வருஷம், இதே கட்டடம், இதே ஏசியின் ஈர வாடை. பழனிக்குப் பக்கத்தில் ஒரு திருவிழாவில் என் கத்தலை யாரோ போனில் படம் பிடித்து நெட்டில் போட்டு, அதைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். எல்லாரும் மேடையில் என்ன பேசுவது என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரே ஒரு பேரம் பேசினேன், மூன்றாவது வரிசையில் நடுவில் ஒரு நாற்காலி வேண்டும், யாரென்று கேட்கக் கூடாது. பாவாயி சிவப்புச் சேலையில் வந்து உட்கார்ந்தாள். போர்வை, மாமியார், அதே வசனம். உதட்டை மடித்தாள், தோள் குலுங்கியது, உடைந்தது, கேமராக்காரன் அவள் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டான். அன்றைக்கு நூற்றிருபது பேர் சிரித்தார்கள், அடுத்த மாதம் ஊரே சிரித்தது, சிரிச்சுட்டுப் போங்க நிகழ்ச்சி என்றால் நான், நான் என்றால் சிரிச்சுட்டுப் போங்க. டீக்கடையில் நின்றால் டீ ஆறிப்போகும், அத்தனை பேர் படம் எடுப்பார்கள். அப்புறம் நான் பேசாத பேரம் உண்டா? என் நடுவர் நாற்காலி மற்ற நாற்காலிகளைவிட நாலு விரல் உயரமாக இருக்க வேண்டும், செய்தார்கள். என் பெயர் முதலில் தனியாக வர வேண்டும், வந்தது. எனக்கு அப்புறம் யாரும் பேசக் கூடாது, பேசவில்லை. நான் ஏறினது ஏணி, அது எங்கே சாய்த்திருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் போய்விட்டது. இரண்டு வருஷம் பாவாயி வாரம் தவறாமல் வந்தாள், தலையை மாற்றி வாருவாள், கண்ணாடி போட்டுக்கொள்வாள், ஒரு தரம் முழுக்க நரைத்த விக் வைத்துக்கொண்டு வந்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. பிறகு ஒரு பொங்கல் மலரில் எங்கள் இரண்டு பேர் படமும் வந்தது, குடும்பத்தோடு நையாண்டி என்று. அன்றைக்குச் சொன்னேன், இனிமே நீ வராதே புள்ள, பொண்டாட்டியை உக்கார வெச்சுச் சிரிக்க வைக்கிறான்னு சொல்லுவாங்க. அவள் தைத்துக்கொண்டிருந்தாள், தையல் மிஷினை நிறுத்தவில்லை. "செரிங்" என்றாள். அந்தச் செரிங் எந்தப் பக்கம் என்று நான் நூலை இழுத்துப் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் அவள் இல்லாமலும் ஓடியது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஓடியதா, முன்னே தள்ளிய வேகத்தில் உருண்டதா, யார் கண்டது. சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது, அதை நான் குளிர் அதிகம், சாப்பாடு லேட், லைட் கண்ணில் அடிக்கிறது என்று வேறு வேறு பெயரில் கூப்பிட்டேன். அப்புறம் அந்த நாள். வேண்டாம், அதை இப்போது நினைக்காதே, பவுடர் போடும்போது மூச்சை அடக்கு. நினைக்காதே என்றால் அதுதான் வரும். ஒரு பையன் என்னையே போல மைக்கைப் பிடித்து என் குரலில் போர்வை விற்றுக் காட்டினான், அரங்கம் உருண்டு புரண்டு சிரித்தது. அடுத்து நானே அதே போர்வையை எடுத்தேன், ஒருத்தர் சிரிக்கவில்லை, இருமல்கூட இல்லை, நூற்றிருபது முகமும் பக்கத்து முகத்தைப் பார்த்தது. எழுந்து உள்ளே போனேன், இதே அறைக்கு, இதே கண்ணாடிக்கு முன்னால். சொன்னேன், பொட்டலச் சோத்துக்கு வண்டி ஏறி வந்த கூட்டம், பொணம் மாதிரி உக்காந்திருக்கு, இதுங்களுக்குச் சிரிக்க என்ன தெரியும். இன்னும் சொன்னேன், அதெல்லாம் இப்போது வாய்க்கு வராது. சட்டையில் குத்தின காலர் மைக் ஓடிக்கொண்டிருந்தது. நூறு தடவை குத்தி நூறு தடவை கழற்றினவன், கோபத்தில் மறந்தேன். வெளியே ஒலிபெருக்கியில் அவர்களே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அதில் யாரோ போனில் பிடித்தார்கள், போனில் ஏறி வந்தவன் போனிலேயே இறங்கினேன். சேனல்காரர்கள்கூட மன்னித்துவிட்டார்கள், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் சார் என்றார்கள். ஆனால் ஆடியன்ஸ் பிடித்து அனுப்புகிற ஏஜென்ட் லூர்து வந்து கையைப் பிசைந்தான். "அண்ணே, எண்ணூர்லயும் செங்குன்றத்துலயும் எவளும் பஸ் ஏற மாட்டேங்குறா. அந்தாளு மூஞ்சிக்கி சிரிக்க மாட்டோம், வேற யாருக்குன்னாலும் வரோம்ன்றாளுங்க." மூன்று வாரம் அப்படி. யாராலும் இறக்க முடியாதவனை, கேரியர் வாளியும் வெற்றிலைப் பையுமாக பஸ் ஏற மறுத்த பெண்கள் இறக்கினார்கள். கோபம் வருகிறதா? வரப் பார்க்கிறது, பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறது.

அதே பெண்கள்தான் இப்போது வெளியே. சாப்பாடு முடிந்து கை கழுவுகிற சத்தம் கேட்கிறது, தயிர்சாதமும் ஊறுகாயும் கதவிடுக்கில் மணக்கிறது. "சார், வேர்க்குது, பவுடர் நிக்காது" என்கிறார் ஏகாம்பரம். வேர்க்கட்டும். நேற்றுச் சாயங்காலம் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, பாவாயி பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் மேடையில் ஆன்லைனில் பொண்ணு பார்க்கிறதைப் பற்றி என்னமோ சொன்னான். உடனே சிவப்புச் சேலை. உதட்டை மடித்து, தோள் குலுங்கி, உடைந்து, பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்து. இன்னும் அவளைத்தான் ஓட்டுகிறார்கள், பன்னிரண்டு வருஷமாக எவன் எதைச் சொன்னாலும் என் பெண்டாட்டிதான் சிரிக்கிறாள், தலையில் ஒரு நரை இல்லாமல். நான் வழக்கம்போல ரிமோட்டைத் தேடினேன். அவள் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தாள், பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள். "நா இதுக்குச் சிரிக்கவே இல்லீங்க. அந்தப் பையன் சொன்னது எனக்குப் புரியக்கூட இல்ல. ஆனா பாருங், எப்படிச் சிரிக்கிறேன்." ரிமோட் கைக்கு வந்தும் நான் அமுக்கவில்லை. "மூணாம் வீட்டு அக்கா கேக்கறாங்க, நீ எதுக்கு எல்லாத்துக்கும் பல்லக் காட்டறேன்னு. அந்த ஜாதி ஜோக்குக்குக்கூட நாந்தான் சிரிச்சேனாமா. போன மாசம் குண்டா இருக்கற புள்ளையப் பத்திச் சொன்னதுக்கும் நாந்தான்." அப்புறம் கொக்கி நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "அன்னைக்கு ஒருத்தராச்சும் உன்ற பேரென்னன்னு கேட்டிருந்தா, அந்தப் பேரச் சொல்லி நிறுத்துங்கன்னு கேக்கலாம். யாருன்னு போய்க் கேக்கறது" என்றாள். நாளைக்கு நடுவராகப் போகிறேன், போய்ப் பேசுகிறேன் என்றேன். அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நம்பின பார்வை இல்லை. ஆனால் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நான் எதைக் கொண்டுபோவது, ஃப்ரேமில் வர வேண்டாமாம் புள்ள என்றா?

கதவு திறந்தது. நிரஞ்சனா தலையை மட்டும் நீட்டினாள், காதில் வாக்கி டாக்கி ஒயர். "என்னண்ணே, ஓகேவா?" எழுந்து போகிற பேச்சு நாக்கு நுனி வரை வந்தது, பழக்க தோஷம். பத்தடி நடந்தால் கூப்பிடுவான் என்ற கணக்கு, கூப்பிட யாரும் இல்லாத இடத்தில் செல்லாது என்று இத்தனை அடிக்கு அப்புறமாவது தெரிய வேண்டாமா? கண்ணாடியில் இருந்தவனைப் பார்த்தேன், முகம் முழுக்கப் பளபளவென்று, நாலு விரல் உயர நாற்காலியில் உட்கார வேண்டிய முகம். சரிம்மா, செய்யறேன் என்றேன். என் குரல்தானா? அவளே நம்பவில்லை, ஒரு அடி உள்ளே வந்தாள். ஒரே ஒரு கண்டிஷன் என்றேன், அவள் முகம் உடனே பழைய முகமாகிவிட்டது, ஆரம்பிச்சுட்டாரு என்கிற முகம். நாற்காலி இல்லம்மா. சிவப்புச் சேலை கட்டின ஒரு பொம்பளை சிரிக்கிற ஷாட் வெச்சிருக்கீங்கல்ல. "ஐயோ, அதா! அது எங்க உயிர்ண்ணே. எடிட்டர்ஸ் அதுக்கு மகாலட்சுமின்னு பேரே வெச்சிருக்காங்க. எந்த மொக்கைக்குப் போட்டாலும் தூக்கிடும்." அவ பேரு மகாலட்சுமி இல்ல, பாவாயி. "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என் சம்சாரம். ஏகாம்பரத்தின் பஞ்சு என் காதுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. அவரும் முதல் தடவையாகக் கண்ணாடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நிரஞ்சனா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், பாவம் பார்க்கிறாள் என்று நினைத்தேன், இல்லை, அவளும் பேரம் போடுகிறாள், என்னிடம் கற்றவள்தானே. "எடுத்துடறேண்ணே. இனிமே வராது, சத்தியம். ஆனா அந்த இடம் காலியா இருந்தா நான் செத்தேன். அதுக்குப் பதிலா அதே மாதிரி ஒண்ணு இன்னைக்கு எனக்கு வாங்கிக் கொடுங்க. க்ளோசப். நாலு செகண்ட் சுத்தமா, யாரும் பேசக் கூடாது, உதடு அசைஞ்சா வேற ஜோக்குக்கு ஒட்டாது." நாலு செகண்ட். கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். கை குலுக்கினாள். சரக்கு எங்கே என்று பார்க்காமல் விலை பேசி முடித்தது இன்றைக்குத்தான் முதல் தடவை.

விளக்குகள் எல்லாம் அவர்கள் பக்கம் திருப்பியிருந்தன, நான் நின்ற இடம் இருட்டு. நல்லது. நூற்றிருபது முகம், உண்ட களைப்பு, வரிசை வரிசையாகக் கொட்டாவி. முன் வரிசையில் ஒருத்தி என்னைப் பார்த்ததும் பக்கத்தில் குனிந்து, "ஏய், பொட்டலச் சோறுன்னு பேசுனாரே, அந்தாளுடி" என்றாள், மெதுவாகப் பேசுகிற எண்ணமே இல்லாமல். அது வரிசை வரிசையாகப் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்றாவது வரிசையின் நடு நாற்காலியை என் கண் தானாகத் தேடியது, அங்கே ஒரு இளம்பெண் கைப்பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை. எனக்காக முதலில் சிரிக்க இந்த அரங்கில் ஒருத்தரும் இல்லை. எச்சில் வற்றியது, கோட்டுக்குள் முதுகு நனைந்தது. ஆமாம் என்றேன், நான்தான் அந்தாளு. ஏழு வருஷமா எங்க வீட்டுல நானும் பொட்டலச் சோறுதான். மௌனம். என் சம்சாரம் கையாலயே கட்டி வெச்சுட்டு, பிரிச்சுத் தின்னுட்டு உம்முனு உக்காரு, பொணம் மாதிரின்னுட்டா. மௌனம், ஆனால் வேறு மௌனம், காது இந்தப் பக்கம் திரும்பிய மௌனம். சரி, தப்பாப் பேசுனவன் வந்திருக்கேன், ஆளுக்கு ஒரு அடி வெச்சுட்டுப் போங்க, வரிசையா வாங்க, ஏலம் விடறேன், முதல் அடி யாருது? அப்போது ஐந்தாவது வரிசை ஓரத்தில், பச்சைச் சேலை, ஐம்பது வயசிருக்கும், மூக்குத்தி பெரிசாக, "ஒரு அடிக்கி இன்னோரு அடி இலவசம் உண்டா" என்று கேட்டுவிட்டு, தானே தாங்காமல் உதட்டை மடித்தாள். தோள் குலுங்கியது. ஐயோ, அதே குலுக்கல். உடைத்துக்கொண்டு வந்தது, முந்தானையைத் தேடினாள், கிடைக்கவில்லை, பக்கத்துப் பெண் மேல் சாய்ந்துவிட்டாள், அவள் சாய அடுத்தவள், வரிசை வரிசையாக, மடியில் தூங்கிய பிள்ளை எழுந்து அழ, அரங்கமே குலுங்கியது. ஏழு வருஷம் கழித்து இந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதுகிறது, மோதினால் வலிக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. இரண்டாம் கேமரா கழுத்தைத் திருப்பிக்கொண்டு பச்சைச் சேலையிடம் போனது, சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒன்று. இருட்டில் நிரஞ்சனா இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள். இது போதும், பாவாயி விடுதலை, நான் வீட்டுக்குப் போய் முடிச்சுட்டேன் புள்ள என்று சொல்லலாம். இரண்டு. இந்தப் பொம்பளை இனிமேல் எத்தனை வருஷம் சிரிப்பாள், எவன் சொன்ன எந்தக் கேவலத்துக்கு, எந்த ஊரில் எந்த மூணாம் வீட்டு அக்கா கேட்பாள், நீ எதுக்கு எல்லாத்துக்கும் பல்லக் காட்டறேன்னு. ஒரு போர்வையை எடுத்துவிட்டு அதே மடிப்பில் இன்னொன்றை வைக்கிறேன். மூன்று. இன்னும் ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நில், நல்லசிவம், ஒரே ஒரு நொடி, வாயால் கெட்டவனே.

"அக்கா, உங்க பேரென்னங்?"

அவள் சிரிப்புக்கு நடுவிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு முழுக்க அசைய, சத்தமாகச் சொன்னாள், "சம்பூர்ணம்ப்பா, எண்ணூர் நெட்டுக்குப்பம், மீன் விக்கிறேன்." சிவப்புப் புள்ளி அணைந்தது. இருட்டிலிருந்து நிரஞ்சனா, அலுத்துப்போன குரலில், "அண்ணே, பேச விடாதீங்கண்ணே. ஒன் மோர்" என்றாள். சரிம்மா என்றேன். மைக்கை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் சிரித்தவளைப் பார்த்தேன். "உங்க பேரு?"